புங்கம்பூ உதிரும் மாலை

ஆபீஸிலிருந்து வந்து எங்கள் பிளாட்டுக்குக் கீழே காரை நிறுத்தியபோது, முன்கண்ணாடியில் பொரி மாதிரி நாலைந்து புங்கம்பூக்கள் ஒட்டியிருந்தன.

எண்பதுகளில் இரும்புலியூர் ஏரிக்கரையில் ஒரு புங்கமரம் இருந்தது. இப்போது அங்கே பைபாஸ் ரோடு போகிறது. மாசியில் மொட்டையாக நின்று, பங்குனியில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் தளிர்விட்டு, பிறகு ஓயாமல் பூ உதிர்க்கும் அந்த மரத்தடியில், பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வரும் அப்பா, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, தலையில் விழும் பூவைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருப்பார். கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் எனக்குக் கோபமாக வரும். வீட்டைவிட அவருக்கு இந்த மரம்தான் பிடித்திருக்கிறது என்று.

இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

“இன்னிக்கும் டிரெயின் லேட்டா?” என்பாள் அம்மா.

“ஆமா, லேட்டு.”

அவர் காலரில் ஒட்டியிருக்கும் பூவை எடுத்துப் போட்டுவிட்டு, காபி கலக்கப் போவாள்.

செல்போன் அடித்தது. மாடியிலிருந்து மகள்.

“எங்க இருக்கீங்கப்பா? டிராஃபிக்கா?”

“ஆமாம்மா,” என்று சொல்லிவிட்டு, இறங்காமல் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.