யாரும் அமுக்காத பொத்தான்

பதினோரு வருஷம் நான் போனில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "வண்டி எங்கம்மா?" திருவொற்றியூரில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸ். எண்ணூர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் எடுத்து, சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளிலும் சுற்றுப்பக்க குடோன்களிலும் இறக்குவது எங்கள் பிழைப்பு. வியாபாரி என்னைக் கேட்பார், நான் டிரைவரைக் கேட்பேன், டிரைவர் சொன்னதை வியாபாரியிடம் சொல்வேன். அதற்குள் அடுத்த போன் அடிக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை அடக்கிக்கொண்டு, "பாத்துச் சொல்றேன் சார்" என்று இனிக்க இனிக்கப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் முதலாளி தென்மாவட்டத்துக்காரர். ஆபீஸில் எல்லோருக்கும் அண்ணாச்சி. வாடிக்கையாளர் விவரம் மொத்தத்தையும் கிளவுடில் வைக்கிற ஒரு சாஃப்ட்வேரை அவர் வாங்கினார். யார், என்ன சரக்கு, என்ன புகார், எல்லாம் அதற்குள் இருக்கும். வண்டி நகர்ந்த செய்தி மட்டும் தானாக உள்ளே போகாது. அதை நாள் முடிவில் எக்ஸெல் ஷீட்டாக நான்தான் ஏற்றுவேன். ஏற்றும்போதே அது பழைய சங்கதியாகியிருக்கும்.

இந்தச் செய்தியை நடக்க நடக்க உடனே அனுப்ப ஒரு வழி இருக்கிறது என்று போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், மகள் பரீட்சைக்குப் படித்த அதே மேஜையில் நானும் உட்கார்ந்து படித்தேன். பிறகு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப நம்ம பண்றது தண்ணி லாரி மாதிரி அண்ணாச்சி. அது வந்தாதான் தண்ணி. நான் சொல்றது குழாய்த் தண்ணி. டிரைவர் போன்ல பொத்தானை அமுக்கினா, அந்த நிமிஷமே செய்தி கிளவுடுக்குப் போய், சரக்கு யாருதோ அவங்க பேர்ல விழும். அவங்களுக்கு மெசேஜும் பூடும்."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ஒரு மாசம் தாரேன். ஆகலைன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். நீங்க பழையபடி போனப் பாத்துக்கிடுங்க."

அந்தப் போனுக்குத் திரும்பக் கூடாது என்று எனக்கு ஒரே வெறி. நாற்பது வயதில் வேறு என்ன சான்ஸ் வரப்போகிறது? மூன்று வாரம் அந்த வேலையிலேயே கிடந்தேன். உள்ளே போகும் ஒவ்வொரு செய்தியையும் ஈவென்ட் என்பார்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, என்ன நடந்தது, அவ்வளவுதான் ஒரு ஈவென்ட். கேட்க எளிதாக இருக்கும். வண்டி நம்பரை ஒரு பக்கம் இடைவெளி விட்டும் இன்னொரு பக்கம் சேர்த்தும் எழுதியிருந்ததால், இரண்டும் ஒட்டாமல் ஒரு வாரம் என் உயிரை வாங்கியது.

வண்டியில்தான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வண்டி நிற்கிற இடத்தைக் காட்டும். கன்டெய்னரை ஏற்றிவிட்டு நிற்கிறதா, துறைமுக வரிசையில் சும்மா நிற்கிறதா என்று சொல்லாது. அதை டிரைவர்தான் சொல்ல வேண்டும். அதற்காக டிரைவர்களின் போனில் இரண்டு பொத்தான்கள் வைத்தேன். இங்கிலீஷில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு, ஒன்றுக்கு 'போகிறேன்' என்றும் இன்னொன்றுக்கு 'வந்துவிட்டேன்' என்றும் எழுதினேன். நல்ல தமிழ் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நாலாவது வாரம் குழாயைத் திறந்தோம். முதல் நாளே சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி ஒருவர் போன் செய்தார். கிரேனையும் ஆட்களையும் வரவழைத்து வெயிலில் நிற்கவைத்திருந்தார்.

"ஏம்மா, சரக்கு வந்துருச்சுன்னு மெசேஜ் கீது. வாசல்ல பாத்தா நாய்தான் படுத்துகினு கீது."

வண்டி அப்போதுதான் எண்ணூரிலிருந்து கிளம்பியிருந்தது. மறுநாளும் இதே கதை. இன்னும் நாலு பேர் கூப்பிட்டுக் கத்தினார்கள். நான் கட்டிய குழாயில்தான் எங்கோ ஓட்டை என்று ஒவ்வொரு ஈவென்டாகத் தோண்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. டிரைவர்கள் அமுக்கியதுதான் வந்து சேர்ந்திருந்தது. 'வந்துவிட்டேன்' எல்லாமே துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்தே அமுக்கப்பட்டிருந்தது. 'போகிறேன்' பொத்தானை ஒருத்தர்கூடத் தொடவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம். நேரே அண்ணாச்சியிடம் போய், "டிரைவருங்க பொய் சொல்றாங்க" என்றேன்.

"அதிகமா அமுக்கினது யாரு?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். "திங்கக்கிழமையிலருந்து அவனத் துறைமுக வண்டியிலருந்து எறக்கிடுதேன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த டிரைவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். நன்றாகத் திட்டித் தீர்க்கலாம் என்று கீழே வண்டி நிற்கும் இடத்துக்கு இறங்கிப் போனேன். டயரில் சாய்ந்து, இன்னும் இரண்டு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, எண்ணூர்ல நின்னுகினு வந்துட்டேன்னு அமுக்குற? உன்னால என் வேலையே பேஜாராவுது."

அவர் கோபப்படவில்லை. "யக்கா, காலைல கெளம்பசொல்லோ உன் பொண்ணாண்ட இன்னா சொல்லிட்டு வருவ?"

"வரேன்னு."

"போறேன்னு சொல்லுவியா?"

அபசகுனமாச்சே என்று தலையை ஆட்டினேன்.

"நானு டிரெய்லர் ஓட்றவன்க்கா. எண்ணூர் ரோடு எப்டி கீதுன்னு உனக்கே தெரியும். வண்டி எடுக்கசொல்லோ போறேன்னு அமுக்கச் சொல்ற. அப்பால பூட்டான்னு சொன்னா மாலை வாங்கினு வருவியா?" மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சரி, அதுக்காக வந்துட்டேன்னு ஏன் அமுக்கணும்?"

"பார்ட்டி போன் பண்ணா தோ வந்துட்டேன்னுதான சொல்றோம்? அதத்தான் அமுக்கினேன். நெசமா வந்தப்புறம் எதுக்கு அமுக்கணும்? அதான் கண்ணால பாக்கறாங்களே."

பதினோரு வருஷமாக அந்த 'தோ வந்துட்டேன்' என்பதைப் போனில் கேட்டவள் நான். இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று அர்த்தம் என எனக்கு அத்துப்படி. மேஜையில் உட்கார்ந்து இங்கிலீஷைப் பார்த்துத் தமிழ் எழுதியபோது, அதெல்லாம் எங்கே போயிற்றோ. என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மாடிப்படி ஏறும்போது ஒரு கெட்ட புத்தி வந்தது. சத்தமில்லாமல் பெயரை மாற்றிவிடலாம். எல்லாம் சரியாகிவிடும், டிரைவர்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். என் தப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை அந்த மனிதரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொன்னாலோ, நான் மறுபடி போன் வேலைக்குத்தான் போவேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி முழுவதும் கேட்டார். "அப்ப தப்பு அவன் மேல இல்ல."

"இல்ல அண்ணாச்சி. நான் எழுதினதுதான் தப்பு."

"மாசம் முடிய எத்தனை நாளு?"

"நாலு."

"அவனை எறக்கல. நீங்க போய்ச் சரி பண்ணுங்க" என்றார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

இந்த முறை மேஜையில் உட்காரவில்லை. டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்துக்கே நோட்டோடு போனேன். நீங்களே சொல்லுங்கள், எப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொல்லி ஒரே ரகளை. கடைசியில் கிளம்பும் பொத்தானுக்கு 'வண்டி எடுத்தாச்சு' என்று முடிவானது. குடோன் கேட் பக்கத்தில் வந்து நின்றதும் அமுக்க, 'கேட்டாண்ட கீறேன்'. உள்ளே ஓடும் ஈவென்டின் பெயர் மாறவில்லை. வியாபாரிக்குப் போகிற மெசேஜும் அதே நல்ல தமிழில்தான் போகும். டிரைவர் விரல் படுகிற இடத்தில் மட்டும் அவர் பேச்சு.

அண்ணாச்சி போனை வாங்கிப் பார்த்தார். "இத இப்படியேவா போடப் போறீய?"

"ஆமா அண்ணாச்சி. வந்துட்டேன்னு எங்க நின்னுகினும் சொல்லலாம். கேட்டாண்ட கீறேன்னு கேட்டாண்ட நின்னாதான் சொல்ல முடியும்."

அவர் அதை வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். அவர் ஊர் நாக்கில் அது சரியாக வரவில்லை. சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் இரண்டு நாள் பழக்கதோஷத்தில் சிலர் அமுக்க மறந்தார்கள். மூன்றாம் நாள் ஈவென்டுகள் ஒழுங்காக விழ ஆரம்பித்தன. நாலாம் நாள் மத்தியானம் அதே இரும்பு வியாபாரி போன் செய்தார். அவர் நம்பரைப் பார்த்ததும், திட்டு வாங்கத் தயாராகிப் போனை எடுத்தேன்.

"ஏம்மா, மெசேஜ் வந்துச்சு. வெளில வந்து பாத்தா வண்டி நிக்குது. கிரேனும் கரெக்டா வந்துருச்சு."

"சரிங்க சார். இப்ப இன்னா பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு."

போனை வைத்துவிட்டு அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே அழுதேன். அண்ணாச்சி தன் அறையிலிருந்து வந்து, நான் முகம் துடைக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "வெளிக் கம்பெனிக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு என் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்தார். நான் கட்டிய குழாயின் செட்டிங்ஸ் பக்கம் திறந்திருந்தது. அதில் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். கம்பெனி பெயரைப் போட்டு வைத்திருந்தேன்.

"இதுல கம்பெனி பேரு எதுக்கு? உங்க பேரப் போடுங்க."

இத்தனை வருஷத்தில் வியாபாரிகளுக்கும் டிரைவர்களுக்கும் நான் 'ஆபீஸ் அம்மா', 'போன் அக்கா', அவ்வளவுதான். என் பெயரை அந்த ஆபீஸில் நானே எங்கும் அடித்ததில்லை. இரண்டு தடவை எழுத்துப் பிழை வந்தது. அண்ணாச்சி அவசரப்படுத்தாமல் நின்றார். மூன்றாவது தடவை சரியாக அடித்தேன்.