கச்சான் காற்றும் பந்தல்கார இராயப்பும்

"அசையாதை... அசையாதை... அப்பிடியே நில்லு, என்ர ராசாத்தி!"

தார் றோட்டின் நடுவில் குப்புறப் படுத்திருக்கிறார் இராயப்பு. கையில் போன். முன்னால் ஒரு வெள்ளைக் கோழி. வேலி மறைப்பை விட்டு வெளியே வந்த குற்றத்துக்காகக் காற்று அதன் இறகு முழுவதையும் பின்பக்கமிருந்து பிரட்டி விரித்து வைத்திருக்கிறது. பாவம், கோழியால் முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. இராயப்புவுக்குப் பின்னால் மன்னார் பஸ் நின்று ஹோன் அடிக்கிறது.

"ஒரு நிமிசம் தம்பி! அவன் இப்பதான் வந்தவன்!"

"அவன்" என்றது கோழியை அல்ல, காற்றை. போனில் விரலை வைத்து ஒரே ஒரு தரம் அமத்தினார். எழும்பி, வயிற்றில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், முதல் வேலையாகப் பஸ் சாரதிக்கே படத்தைக் காட்டினார். அதுவரை திட்டிக்கொண்டிருந்த பொடியன் பார்த்தான், சிரித்தான், கொண்டக்டரைக் கூப்பிட்டான். பிறகு முன் சீற்றில் இருந்தவர்கள் கேட்டார்கள். பஸ் இன்னும் பிந்தியது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பஸ்ஸில்தான் நான் போகவேண்டும்! "ரீச்சர், ஓடி வாங்கோ, கோழிக்குப் பாவாடையைத் தூக்கிப் போட்டான்!" என்று கத்துகிறார் மனுசன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்களே என்ற யோசனை கிடையாது. கோபிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது.

தாழ்வுபாட்டில் எங்கள் பக்கத்து வளவு இராயப்புவுடையது. ஐம்பது தாண்டிய ஆள், கறுத்து மெலிந்த உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். தொழில் பந்தல். கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு, எதுவானாலும் இரும்புக் குழாயும் மேலே விரிக்கிற படங்கும் கதிரை மேசையும் அவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில்தான் வந்து இறங்கும். தொய்ந்த கயிறு ஒன்றைக் கண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் வீட்டு உடுப்புக் கொடியை அவர் இழுத்துப் பார்க்காமல் தாண்டிப் போனதாக எனக்கு ஞாபகமில்லை. "இதென்ன ரீச்சர், இடியப்பம் மாதிரித் தொங்குது" என்று அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு உட்காருவார்.

வைகாசி பிறந்தால் எங்கள் கரைக்குக் கச்சான் காற்று வந்துவிடும். கடலில் இருந்து நேரே முற்றத்துக்கு வரும். சோற்றுக்குள் மண், காதுக்குள் மண், அலுமாரிக்குள் மடித்து வைத்த சீலைக்குள்ளும் மண். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இராயப்பு அம்மி பறக்கிற நேரம் பார்த்துப் படம் எடுக்கக் காத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்பு அப்படி இல்லை. பந்தல்காரனுக்குக் காற்றைப் போல எதிரி வேறு யார்? கச்சான் தொடங்கினால் கெட்ட வார்த்தையோடுதான் படலையைத் திறப்பார். போன வருசம் சிலாவத்துறையில் ஒரு கலியாணம். சாஹுல் ஹமீட் நானாவின் சமையல், இராயப்புவின் பந்தல். நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் தட்டுகளில் சோறு போடுகிற நேரம் காற்று வந்து படங்கை ஒரு பக்கமாகக் கிளப்பி, ஆள்களின் தலைக்கு மேலால் கொண்டுபோய், நேரே புரியாணிச் சட்டிக்கு மேல் போட்டது. ஆருக்கும் காயமில்லை. ஆனால் சாஹுல் ஹமீட் அகப்பையோடு நின்று கேட்ட கேள்வி இரண்டு ஊரிலும் பரவிவிட்டது: "ஏன் ராயப்பு, சட்டிக்கு மூடி இல்லையெண்டு நான் உனக்கிட்டக் கேட்டனா?"

கேட்டவர் சிரித்துத்தான் கேட்டார். பிறகு இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதம். ஆனால் இராயப்பு ஒரு கிழமை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "எனக்கு வெக்கமாப் போச்சு ரீச்சர். இத்தனை வருசமா அவனோடை மல்லுக் கட்டுறன். அவன்ர முகத்தை ஒரு நாளாவது பாத்தனானோ?"

அப்படித்தான் இது தொடங்கியது. இந்த வருசம் கச்சான் எழும்பிய நாளில் இருந்து அது ஓயும் நாள்மட்டும் தினம் ஒரு படம். படத்தில் காற்று தெரியவேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு அமத்தல், பிழைத்தால் பிழைத்ததுதான். பொழுது படமுன் எடுக்கவேண்டும். அவரைத் தவிர வேறொருவரும் அமத்தக்கூடாது. பின்னேரம் அது வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் ஏறும்.

ஐயோ, அந்தப் படங்கள்! பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சுவாமியின் அங்கி மேலே ஏறி அவருடைய முகத்தை மூடிய படம். தேத்தண்ணிக் கடையில் ஆற்றிய தேத்தண்ணி கோப்பைக்குள் விழாமல் பக்கத்தில் இருந்தவரின் சேட்டில் விழுந்த படம். முன்னுக்குப் பறக்கப் பார்த்துப் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிற காகம். கொடியில் காயப்போட்ட எங்கள் வீட்டுக்காரரின் சேட், காற்று நிரம்பி, உள்ளே ஒரு தொந்திக்காரர் இருப்பது போல. உள்ளபடி எங்கள் வீட்டுக்காரர் ஈர்க்கு மாதிரி ஆள். அந்தப் படத்துக்குப் பிறகு ஊரில் அவருக்கு ஒரு பட்டமே வந்துவிட்டது.

இப்போது ஊர் முழுக்க இவருக்கு உளவு வேலை பார்க்கிறது. "ராயப்பண்ணை, ஓடி வாங்கோ, இஞ்சை ஒருத்தியின்ர குடை பிரண்டு போச்சு!" என்று போன் வரும். சாப்பாட்டில் இருந்து எழும்பி ஓடுவார். பூசை நேரத்தில் ஒரு நாள் போன் அடித்து, பிரசங்கமே நின்றது. நானும் சும்மா சொல்லக்கூடாது, கட்டுரைக் கொப்பி திருத்துகிற நேரம் யன்னலால் ஒரு கொப்பித் தாள் பறந்தால், தாளைப் பிடிக்கிறதை விட்டுவிட்டு அவரைத்தான் கூப்பிடுகிறேன். என்ன வருத்தமோ, எனக்கும் தொற்றிவிட்டது!

இராயப்புவின் மனைவி அன்ரோனெற் மட்டும் கொஞ்ச நாள் முறைப்பாக இருந்தார். "இஞ்சாருங்கோ, கோழியை எடுத்தியள், காகத்தை எடுத்தியள். கட்டின நாளிலை இருந்து என்னை ஒரு படம் எடுத்தியளோ?"

"நீ ஒரு நாளாவது காத்திலை நிண்டனியோ? எப்பவும் குசினிக்குள்ளை."

அடுத்த நாள் விடிய அன்ரோனெற் கடற்கரையில் போய் நின்றார். சீலைத் தலைப்பு ஒரு பக்கம், மயிர் ஒரு பக்கம், இரண்டு கையாலும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் வாய் விட்டுச் சிரிக்கிற படம் அது. இராயப்புவின் போனைத் திறந்தால் இன்றைக்கும் முதலில் தெரிவது அதுதான்.

இப்படி இருக்கையில் மகள் சுபாஜினிக்குக் கலியாணம் வந்தது. இலுப்பைக்கடவை மாப்பிள்ளை, கட்டாரில் வேலை, லீவு கிடைத்தது ஆவணியில்தான். நல்ல கச்சானுக்குள் கலியாணம்! சனம் எல்லாம் மண்டபம் எடுக்கச் சொன்னது. இராயப்புவுக்கு வந்ததே கோபம். "ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவன்ர பிள்ளைக்கு ஆரோ ஒருத்தன்ர மண்டபமோ? அவனை எனக்குத் தெரியும். மேலாலை வாறேல்லை அவன், பந்தல் காலுக்குள்ளாலைதான் வாறான். படம் படமாப் பாத்திட்டன். வரட்டும்!" மூன்று நாள் நின்று, கடல் பக்கத்துக் கயிறு ஒவ்வொன்றையும் தானே இழுத்துக் கட்டினார்.

கலியாண நாள் விடிந்தது. காற்று இல்லை.

இல்லையென்றால் இல்லைதான். தென்னோலை அசையவில்லை. சாஹுல் ஹமீட்டின் அடுப்புப் புகை நேராக மேலே போனது. "மாதாவின்ர புதுமை!" என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோசம், ஒருத்தரைத் தவிர. கோட்டுப் போட்டுக்கொண்டு வேலியடியில் நின்ற இராயப்புவின் முகம் செத்தவீட்டு முகம். "என்னை விட்டிட்டுப் போட்டான் ரீச்சர்."

"நல்லதுதானே! பந்தல் நிக்கும்."

"பந்தல் நிக்கும். படம்? வேற எந்த நாளெண்டாலும் பறவாயில்லை. இவ்வளவு நாளும் விடாமல் எடுத்துப் போட்டு, என்ர பிள்ளையின்ர நாளிலையோ வெறுமை விழுகிறது?"

கோயிலில் மகள் பீடத்துக்குப் போகும்போது முக்காட்டுச் சல்லா ஆடாமல் அசையாமல் தொங்கியது. கூலிக்கு வந்த படப்பிடிப்பாளர் எடுத்த படங்களைப் பிறகு பார்த்தேன். குடும்பப் படங்களில் எல்லாம் பெண்ணின் தகப்பன் ஆள்களின் தலைக்கு மேலால் தூரத்துப் பனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாப்பாட்டு நேரம் விசயம் பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு விரலை நனைத்து மேலே தூக்கிப் பார்த்தார்கள். சாஹுல் ஹமீட் அடுப்படி விசிறியோடு வந்தார். "நான் விசிறுறேன், நீ எடு. ஆருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கள்ளக் காத்து வேண்டாம் நானா" என்றார் இராயப்பு. அழாத குறை.

இரண்டாம் பந்தி முடிகிற நேரம். கடற்கரைப் பக்கம் ஒரு ஷொப்பிங் பை தானாக எழும்பி நின்றது. பிறகு மண் ஓடி வந்தது. இராயப்பு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார், கையில் சோறு. "வந்திட்டான்! வந்திட்டான்!" பந்தலில் இருந்த சனம் முழுக்கக் கை தட்டியது! ஒரு பந்தல்காரன் வீட்டில் காற்று வந்ததற்குக் கை தட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுபாஜினி பந்தல் வாசலில் மாப்பிள்ளையோடு நின்றாள். அவளுடைய சல்லா அப்படியே மேலே கிளம்பி, தலைக்கு மேல் நெட்டுக்கு நின்று ஆடியது. கச்சான் காலம் முழுவதும் அவர் தேடித் திரிந்த படம் அதுதான். சோற்றுக் கையைக் கோட்டில் துடைத்தார், போனைத் தூக்கினார், விரலை வைத்தார்.

அந்த நேரம் கடல் பக்கத்து மூலை கிளம்பியது. சோடித்த காரை உள்ளே கொண்டுவருவதற்காக மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அந்த மூலைக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்ப ஏனோதானோ என்று சுற்றியிருந்தார்கள். அந்த மூலைக்குக் கீழேதான் வயது போன பெண்கள் இருந்தார்கள். இரும்புக் குழாய் மண்ணை விட்டு மேலே வருவதை நான் கண்ணால் கண்டேன்.

இராயப்பு அமத்தவில்லை. போன் மண்ணில் விழுந்தது. பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். கயிறு அவருடைய கைக்குள்ளால் ஓடியது, விடவில்லை. கால் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின, அப்போதும் விடவில்லை. "பிடியுங்கோ!" என்று நான் கத்தினேன். சுபாஜினி வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து தகப்பனுக்குப் பின்னால் தொங்கினாள். பிறகு மாப்பிள்ளை, பிறகு சாஹுல் ஹமீட், பிறகு நான், எங்கள் ஈர்க்கு மனுசன்கூட! இழுத்து, லான்ட்மாஸ்ரரின் சில்லில் கட்டி, மூச்சு விட்டபோது பந்தல் நின்றது. கீழே இருந்த பெண்கள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

காற்றும் நின்றது. வந்த வேலை முடிந்தது போலப் போய்விட்டது. கையில் போன் இல்லாத ஆளே இல்லாத அந்தக் கலியாணத்தில் ஒருவர்கூட அதைப் படம் எடுக்கவில்லை. எல்லோருடைய கையிலும் கயிறு.

பொழுது பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தென்னோலை மறுபடி அசையவில்லை. பெண் மாப்பிள்ளை வெளிக்கிடுகிற நேரம். கார் ஸ்ரார்ட்டில் நின்றது. இராயப்பு பந்தல் மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். "பறவாயில்லை ரீச்சர். சனத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. அது காணும்." சொன்னாரே தவிர, கண் மட்டும் பனையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்ரோனெற் தேங்காய் எண்ணெய்யோடு வந்து அவருடைய கையை இழுத்தார்.

"அம்மா, பொறுங்கோ. பூசாதேங்கோ." கூறைச் சீலையில் சுபாஜினி வந்து நின்றாள். கையில் அவருடைய போன். மண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். "அப்பா, கையை விரியுங்கோ."

விரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகத் தோல் உரிந்து, கயிற்றின் முறுக்கு முறுக்காகச் சிவந்த தடம். சுபாஜினி போனை அவற்றுக்கு நேரே பிடித்தாள். இராயப்பு திரையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார்.

"அட, அவன்தான்!" என்றார். "பிள்ளை, இது அவன்தான்!"

சுபாஜினியின் விரல் திரைக்குப் போனது. "நில்லு நில்லு, நீ அமத்தாதை!" என்று கத்தினார். விரித்த கை இரண்டையும் அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குனிந்து, மூக்கு நுனியால் ஒரே ஒரு தரம் அமத்தினார்.