முழுக்குக் கோயில் யாருடையது?

இன்று ரேஷன் கடை நடக்கிற அந்த ஓட்டுக் கட்டடத்தை பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் கட்டினார்கள். ஆனால் பாப்டிஸ்ட் என்று எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. முழுக்குக் கோயில் என்றால்தான் தெரியும். மற்ற சபைகளில் பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். இவர்கள், வளர்ந்த ஆள் தானே கேட்டு வந்தால்தான், தொட்டியில் இறக்கி முழுதாக முக்கி எடுப்பார்கள். கூலி வேலைக்குப் போகும் அம்சம் அப்படி முழுகியபோது அவளுக்குப் பதினாறு வயது. ஊர்க்குளத்தில் அவள் தெருக்காரர்கள் காலை நனைக்கக்கூட முடியாத காலம் அது.

சபையை நடத்திய வெள்ளைக்காரத் துரை கப்பலேறியதும் சபை கலைந்தது. ஆளில்லாத கோயிலில் பண்ணையார் வைரக்கண்ணு விதைநெல்லை அடுக்கினார். சிலுவையை இறக்கினார். வல்லான் வகுத்ததே வாய்க்கால். கோயில் குடோன் ஆகிவிட்டது.

எழுபத்திரண்டு ஐப்பசியில், விவசாயக் கூலிகள் சங்கத்தில் சேர்ந்து கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்பதற்காக ஒன்பது குடும்பங்களின் குடிசைகளைப் பண்ணையார் பிரித்துப் போட்டார். கொட்டுகிற மழை. அம்சம் கடப்பாரையோடு போய்க் கோயில் பூட்டை உடைத்து ஒன்பது குடும்பத்தையும் உள்ளே குடிவைத்தாள். சங்கத் தலைவர் ஐயாவுகூடப் பயந்துவிட்டார்.

"அக்கா, போலீசு வரும்."

"வரட்டும். உள்ள அவங்களுக்கும் எடம் இருக்கு."

போலீஸ் வந்தது. நாலு நாள் கழித்துத் தாசில்தார் கோயிலுக்கே விசாரணைக்கு வந்தார். பண்ணையாரிடம் பத்திரம் இல்லை, குரல் இருந்தது.

"நெல்லு போடத்தான் எங்கப்பா இதக் கட்டுனாரு. கோயிலுங்கிறதெல்லாம் இவளுவ விடுற கதை."

ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேரும் ஆமாம் சாமி போட்டார்கள். சோற்றுக்கு விசுவாசம்! தாசில்தார் பேனாவைத் திறந்தார். அவர் எழுதிவிட்டால் ஒன்பது குடும்பமும் அன்றைக்கே மழையில் நிற்க வேண்டும். அம்சம் முன்னால் வந்தாள்.

"ஐயா, நெல்லு போடுற எடத்துல யாராச்சும் தண்ணித்தொட்டி கட்டுவாங்களா?"

"தொட்டியா? எங்க இருக்கு?"

"நீங்க நிக்கிற எடத்துக்குக் கீழங்க."

பண்ணையார் சிரித்தார். "தரைக்குக் கீழ இருக்கிறது இவளுக்கு எப்புடித் தெரியும்? கனா கண்டாளா?"

சொந்தத் தெருவுக்கும் சொல்லாமல் பதினாறு வருடம் வைத்திருந்ததை அம்சம் அப்போதுதான் சொன்னாள்.

"நான் முழுகின தொட்டிங்க அது. தூத்ததும் நான்தான். பஞ்சத்துல, ஒரு மரக்கா நெல்லுக்காவ ஆத்துமணலைத் தலையில சொமந்து கொட்டுனேன். கூலி அளந்தவரு இந்தா நிக்கிறாரு. கேளுங்க."

பண்ணையாரை நோக்கிக் கை நீட்டினாள். அவளைத் துரோகி என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பசித்த வயிற்றைக் குற்றம் சொல்ல அவர்கள் யார்? எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அவளே சிமெண்டுத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்தாள். மணலைக் கூடையில் அள்ளினாள். தொட்டியில் இறங்கும் படி ஒன்று தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது. மூன்றாவதில் தாசில்தார் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"இது குடோன் இல்லன்னு எழுதிட்டேன். யாரும் வெளிய போக வேணாம். போதும்மா, நிறுத்து."

"உங்களுக்குப் போதுங்க," என்றாள் அம்சம். "நான் போட்ட மணலு இன்னும் கெடக்கு."

அடுத்த கூடையைத் தலையில் ஏற்றினாள்.