இசைத்தட்டில் இருந்த இரண்டாவது பெண்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு, அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். ஞாபகமும் முன்னைப்போல இல்லை, பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுவேன். ஆட்களுக்கு முன்னால் பேசக் கூச்சம், அதனால் எழுதுகிறேன். இன்னொன்று, பேய் பிசாசு என்று நான் ஒருநாளும் பயந்தவள் இல்லை. லயத்து வீடுகளில் யாருக்காவது சாமி வந்தால்கூட அடுப்பில் சோறு இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். விடியாத நேரத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறபோது சுடுகாட்டு ஓரமாகத்தான் குறுக்குப் பாதை, நாற்பது வருசம் அதில் நடந்தேன், ஒன்றும் என்னைத் தொடவில்லை. இது நடந்தது பட்டப்பகலில், பதுளைக் கடைத்தெருவில்.

கொழுந்து வேலையை விட்ட பிறகு ரியாஸ் தம்பியின் கடைக்குப் போய்வருகிறேன். கீழே அவருடைய வாப்பாவின் மின்சாரச் சாமான் கடை. மேல்மாடியைத் தம்பி தேத்தண்ணீர்க் கடையாக்கி, சுவர் முழுக்க இசைத்தட்டு அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாம் அந்தக் காலத்துச் சாமான் என்று நினைத்தேன். இல்லையாம், இப்போது மறுபடியும் புதிதாக அடிக்கிறார்களாம், பழைய தட்டுகளையும் திரும்ப அச்சுப் போட்டு விடுகிறார்களாம். நாதஸ்வரம், பைலா, கவாலி, வெள்ளைக்காரர் ஊதுகிற குழல், தலையே வெடிக்கிற மாதிரி கிட்டார், எல்லாம் பெட்டியில் வரும். கொழும்புப் பிள்ளைகளும் வெளிநாட்டுக்காரரும் வாங்கிப் போவார்கள்.

என் வேலை கோப்பை கழுவுவது, தட்டுத் துடைப்பது. அட்டையில் இருப்பது இங்கிலீஷ் என்பதால் நான் நிறம் பார்த்துத்தான் அடுக்குவேன். ஒருநாள் தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாக்கியம்மா, இந்த மொட்டையன் கத்துற தட்டக் கொண்டுபோய் முருகன் பாட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களே."

"ரெண்டும் காவிக் கலருதானுங்க தம்பி."

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரு மயில் சத்தத்தோட குடும்பம் நடத்துறவரு, இதெல்லாம் பழகியிருக்கும்."

பெட்டி வந்தால் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதுத் தட்டு ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து, துடைத்து, ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, எங்கேயாவது ஊசி குதிக்கிறதா என்று கேட்க வேண்டும். குதித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்றைக்கு மழை. கடையில் ஆளே இல்லை. தம்பி ஒரு தட்டை எடுத்து வந்து, "இதுல உங்க ஆளுக பாட்டு இரிக்கு பாக்கியம்மா" என்றார். யாரோ வெளிநாட்டுக்காரர் அந்தக் காலத்தில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் மெஷினோடு சுற்றிப் பதிவு செய்ததாம், கொஞ்சம் தட்டுகள்தான் வந்ததாம், இப்போது மறுபடி போட்டிருக்கிறார்களாம். நான் பிறந்ததே லுணுகலைப் பக்கம், கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். தம்பி அட்டையைத் திருப்பி எனக்கு வாசித்துச் சொன்னார். இரண்டாம் பக்கம், மூன்றாவது, ஒப்பாரி, ஒரு பெண், தனியாக.

"காலையில நான் கேட்டேன். பொம்புளை ஒராள்தான் அழுகுது. முதல் பக்கம் சரி. நான் அஸர் தொழுதுட்டு வாறேன், ரெண்டாம் பக்கத்த ஓடவிட்டுப் பாருங்க."

அவர் இறங்கிப் போனார். நான் ஊசியை வைத்தேன். முதலில் கும்மி வந்தது, பிறகு ஒரு தாலாட்டு, அம்மா பாடுகிற மெட்டுத்தான், சந்தோசமாகத்தான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு அது தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரியை யாரும் தனியாக வைக்க விடமாட்டோம். ஒருத்தி அடி எடுத்தால், வரி முடிகிற இடத்தில் மூச்சு விடுவாள். அந்த இடத்தில் அவளைக் கட்டிப் பிடித்திருக்கிற பெண்கள் வாங்கிக்கொண்டு, செத்தவரை முறை சொல்லி, பெயர் சொல்லி அழ வேண்டும். வாங்காமல் விட்டால் அந்த வீட்டுக்கு ஆளே இல்லை என்று அவமானப்படுத்தின மாதிரி. இந்தப் பெண்ணை ஒருவரும் வாங்கவில்லை. முதல் வரி முடிந்து மூச்சு விட்டாள், சும்மா கிடந்தது. இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவது முறை அவள் மூச்சு விட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. கையில் சவர்க்கார நுரையோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நானே வாங்கினேன், வாயில் வந்தது "என் ராசா மருதை" என்றுதான், வரி முடியும் வரைக்கும் இழுத்து அழுதேன். அவள் என்ன பாடினாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். வாசிக்கிறவர் வாயில் தொற்றிக்கொள்ளக் கூடாது.

ஊசி நடுவுக்கு வந்து நின்ற பிறகுதான் நான் செய்தது உறைத்தது. அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம், அம்மா பெயரை, என் புருசன் பெயரைச் சொல்லியிருக்கலாம், மூன்று பேரும் போய்ச் சேர்ந்தவர்கள். மருதை என் கூடப்பிறந்த தம்பி. அவன் செத்தானா இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.

தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் சித்தப்பா குடும்பத்தோடு அவனுக்கும் போகிற பத்திரம் வந்தது, பதினெட்டு வயசு. லொறியில் பதுளை ஸ்டேசன் வரைக்கும் வந்தோம். அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர், எழவு வீடு மாதிரி எல்லாரும் கட்டிப் பிடித்து அழுவார்கள். கோச்சி நகர்ந்ததும் நானும் வாயைத் திறந்தேன். அம்மா பாய்ந்து வந்து உள்ளங்கையால் என் வாயை அடைத்தாள். "உசுரோட போற புள்ளைக்கு ஒப்பாரி வைக்காதடி." கோச்சி கண்ணுக்கு மறையும் வரைக்கும் அந்தக் கை எடுபடவில்லை. கூடலூர்ப் பக்கத்தில் இருந்து சில வருசம் காயிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அம்மா சாகும்வரை அவனை இருக்கிறவனாகத்தான் பேசினாள். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்போம் இல்லையா, என் வீட்டில் மூன்று இலைதான். மருதைக்கு நான் இலை போட்டதே இல்லை.

அம்மா காப்பாற்றி வைத்ததை நான் இத்தனை வருசம் கழித்து ஒரு கடை மாடியில் கெடுத்துவிட்டேன்.

ரியாஸ் தம்பி திரும்பி வந்தார், என் முகத்தைப் பார்த்து, ஊசி குதிக்கிறதா என்று கேட்டார். நான் திரும்பப் போடச் சொன்னேன். அவள் உண்மையில் எத்தனை தடவை மூச்சு விட்டாள் என்று பார்க்கத்தான். முதல் வரி, சும்மா. இரண்டாவது, சும்மா. மூன்றாவது இடத்தில் இன்னொரு பெண் வாங்கினாள்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யாரு? காலையில ஒராள்தானே."

அட்டையைத் திருப்பிப் பார்த்தார், ஒரு பெண், தனியாக என்றுதான் போட்டிருந்தது. மறுபடி ஊசியை வைத்தார். மறுபடியும் இரண்டு பேர். இரண்டாவது குரல் வயதான குரல், மூச்சு இழுப்போடு. எனக்கு இழுப்பு வந்து பத்து வருசம்கூட ஆகவில்லை. அந்தத் தட்டில் பாடினவர்கள் பாடியது நான் குமரியாக இருந்த காலத்தில்.

நான் செய்ததைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, நம்பினார் என்றும் சொல்ல முடியாது.

"பாக்கியம்மா, இந்த மெஷின் பாட மட்டும்தான் செய்யும். பதியாது. மைக்குகூட இல்ல அதுக்கு."

"தெரியுமுங்க தம்பி. நான்தானே தொடைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தத் தட்டை உறையில் போட்டு அலுமாரியில் பூட்டிவிட்டார், விற்கவில்லை. மகள் செல்வியிடம் வீட்டில் சொன்னேன், அவள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"மாமாவுக்கு இப்ப எழுவது கிட்ட இருக்கும்மா. அழுதது நல்லதுன்னு வச்சுக்கங்க. இந்தத் தீவாளிக்கு எல போட்டுருவம்."

"எல போட்டா செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரிடி."

"நீங்கதான் ஏற்கனவே சொல்லிட்டீங்களே."

அந்தச் சொல் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் நான் அவளுக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது, ரியாஸ் தம்பிக்கும் அது சரியாகக் கேட்கவில்லை.

கடையில் நான் அழுதபோது வரி முடியும் வரைக்கும் அழுதேன், தடுக்க யாரும் இல்லை. தட்டில் இருக்கிற அந்தக் குரல் முடிக்கவில்லை. "என் ராசா மருதை" என்று தொடங்குகிறது, மருதை என்ற இடத்தில் பொத்தென்று ஒரு சத்தம், பிறகு குரல் அமுங்கிப் போகிறது, உள்ளங்கையால் வாயை அடைத்தால் எப்படி வருமோ அப்படி. அடைத்த கைக்குள்ளே அழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வருகிறது. பிறகு முதல் பெண் அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அந்தக் கை வந்தது.

எழுத்துப் பிழைகளையும், கோச்சி ஓடிய காலத்தையும் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்தத் தட்டு வெளியூர்களிலும் விற்றிருக்கும் என்று ரியாஸ் தம்பி சொல்கிறார். உங்களில் யாரிடமாவது இருந்தால் இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஒரு பெண்ணா இரண்டு பெண்ணா என்று எழுதுங்கள். இரண்டு என்றால் மூன்றாவது இடத்தில் அந்தக் கை வருகிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கம் ஆள் தெரிந்தவர்கள் மருதையையும் விசாரியுங்கள், லுணுகலையில் பிறந்தவன், இடது புருவத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருக்கும். தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. செல்வி நான்கு இலை வெட்டி வைப்பதாகச் சொல்கிறாள்.