மேல்மாடிக் காய்ச்சல்

ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்தது, செக்கிங்காரிக்கு வரவில்லை. அன்றிலிருந்து வராதவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இருமல் காய்ச்சலுக்குக் கண்டுபிடித்த புதுத் தடுப்பூசி உண்மையில் காக்கிறதா என்று சோதிக்க மருத்துவமனை ஆள் தேடியபோது, சட்டைத் தொழிற்சாலையிலிருந்து மட்டும் இருநூறு பேர் கை நீட்டினார்கள். முதலாளி வீட்டில் ஒருவரும் நீட்டவில்லை. முடிவு வரட்டும் என்று பொறுமையாக இருந்தார்கள். அப்படிப்பட்ட பொறுமைக்கும் வசதி வேண்டும்! முடிவு வர வேண்டுமானால் யாராவது முதலில் கையைக் கொடுக்க வேண்டுமே. தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங்காரியும், அவள் கணவனின் அண்ணன் மனைவியான ஓரகத்தியும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது குலுக்கலில் விழுந்தது. ஊசி குத்திய நர்சுக்கே தெரியாது.

அன்று மாலையே மேல்மாடியில் ஓரகத்தி போர்த்திப் படுத்துவிட்டாள். மாமியார் ஈரத்துணியோடு படியேறினார்.

"மருந்து வேலை செய்யுது. ஊசிகூட ஆள் பார்த்துத்தான் பிடிக்குது" என்று இறங்கி வந்து சொன்னார்.

"அண்ணிக்கு நிஜ ஊசி, உனக்கு உப்புத் தண்ணி. சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருக்கும்போதே நினைச்சேன்" என்று கணவன் சிரித்தான்.

செக்கிங்காரி தன் கையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி இருந்தது, வலிக்கவே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிலும் ஓரகத்தி ஒரு படி முன்னால்தான். மாடி அவளுக்கு, காற்று அவளுக்கு, "மூத்தவளே" என்ற மாமியாரின் குழைவும் அவளுக்கு. இப்போது மருந்தும் அவளுக்கா?

ஏழாவது வாரம் செக்கிங்காரிக்கு இருமல் வந்தது. இருமல் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும், மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள் என்பது விதி. நோய் என்று தெரிந்தால்? உப்புத் தண்ணீர்க்காரி என்று வீடே முத்திரை குத்திவிடும். அவள் வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் இருமினாள். முந்தின நாளிலிருந்தே மேல்மாடியில் ரேடியோ வேறு அலறிக்கொண்டிருந்தது. 'மகாராணிக்குக் கச்சேரி கேக்குது' என்று பொருமினாள்.

மறுநாள் வாராந்தர விசாரிப்புக்கு நர்ஸ் போன் செய்தாள். "இருமல், தொண்டை வலி ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

"சந்தோஷம். எதையும் மறைச்சிடாதீங்க. ரெண்டு பக்கமும் எத்தனை பேருக்கு நோய் வந்துச்சுன்னு எண்ணித்தான் மருந்து காக்குதான்னு சொல்ல முடியும். எண்ணிக்கை பொய்னா மருந்தைப் பத்திச் சொல்றதும் பொய்."

மூன்றாம் நாள் காலை, வேலை மேஜையில் ஒரு சட்டையின் காலர் கோணியிருந்தது. யோசிக்காமல் திருப்பியனுப்பும் குவியலில் போட்டாள். தைத்தவரின் எண் உள்ள சீட்டின் மேல் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டவைத்தவளே அவள்தான். சூபர்வைசரின் தங்கை மகள் தைத்த கோணல் எல்லாம் தேறியபோது, "யார் தைச்சதுன்னு தெரிஞ்சா கண்ணு கோணும், சீட்டை மூடுங்க" என்று ஒரு வாரம் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது.

கை அப்படியே நின்றது. ஊசியும் மூடிய சீட்டுத்தானே? கோணல் காலரை மடியில் ஒளித்த மாதிரி இருமலை ஒளித்துக்கொண்டு நிற்பது யார்?

சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தாள். "சிஸ்டர், நேத்து பொய் சொல்லிட்டேன். எனக்கு இருமல் இருக்கு."

நர்ஸ் உடனே வரச் சொன்னாள். மருத்துவமனை பெஞ்சில், முந்தானையால் வாயை மூடியபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா?"

"நீ எங்கடி இங்க?" என்ற ஓரகத்திக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. மறைக்க இங்கே ரேடியோ இல்லை.

"பாட்டு இதுக்குத்தானா?"

"பின்ன? நீ மட்டும் மூணு நாளா எந்த ஊர்த் துணியைத் துவைச்சே? நிஜ ஊசின்னு வீடே கொண்டாடினப்புறம் எப்படிடி இருமுறது? காலைல மூச்சு இழுத்துச்சு, பயந்து ஓடி வந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அப்ப அக்காவுக்கு வந்த காய்ச்சல்?" என்று செக்கிங்காரி நர்சிடம் கேட்டாள்.

"உப்புத் தண்ணி போட்டவங்களுக்கும் சில சமயம் வரும். மருந்து போட்டும் ஒண்ணும் ஆகாதவங்க உண்டு. சீட்டு பிரிக்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது, உங்க மாமியாருக்கும் தெரியாது."

செக்கிங்காரிக்கு ஏழு வாரத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. குச்சி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைத்தபோதுகூட அவளுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். "இருமல் எத்தனை நாளா?"

"மூணு" என்றாள் செக்கிங்காரி.

"நாலு" என்றாள் ஓரகத்தி.

பார், இதிலும் ஒரு நாள் முன்னால்!