நாத்தனாரு மொகம்

கோட்டுச்சேரி மெயின்ரோட்டுல போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற நவநீதனுக்கு வாயி மட்டும் காரைக்கால்லேருந்து நாகூரு வரைக்கும் நீளம். "நான் கேமராவத் தூக்குனா பொணம் கூட எந்திரிச்சி ஒக்காந்து சிரிக்கும்"பான். அப்பேர்ப்பட்டவன் வைகாசி மாசம் ஒரு கல்யாணத்துல கோட்ட விட்டான் பாருங்க.

மாப்புள பேரு ஜெயபிரகாஷ். அவனுக்கு ஒரே அக்கா, பங்கஜவல்லி. திருநள்ளாத்துல கோயிலுக்குப் போற வழியில எள்ளுப் பொட்டலமும் நல்லெண்ணெயும் விக்கிறா. அவ மவ காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேணும்னு புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் காத்துக் கெடந்தா. தம்பிக்காரன் வரல. அன்னைக்கு அத்துப்போன பேச்சு இந்தக் கல்யாணத்துலதான் ஒட்டுச்சி. மொத முடிச்சு மாப்புள போட்டா, மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனாருதான போடணும்? "அக்கா இல்லாம நான் தாலியத் தொட மாட்டேன்"னு ஜெயபிரகாஷ் போயி கால்ல வுழுந்து கூட்டியாந்தான்.

கெட்டிமேளம் கொட்டுது. ஊரே அட்சதையக் கையில வச்சிக்கிட்டு நிக்கிது. நம்மாளு என்னா பண்ணிக்கிட்டிருந்தான்? செல்லுல ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டிருந்தான். மேளச் சத்தத்துல தூக்கிவாரிப் போட்டு நிமுந்து, கேமராவத் தூக்கிப் படபடன்னு அமுக்குனான்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்தா, பின்னாடி ஒக்காந்திருந்த தவில்காரரு மூக்கு மயிர எண்ணிப்புடலாம், அம்புட்டுத் தெளிவு. முன்னாடி தாலி கட்டுற எடம் மட்டும் மார்கழிப் பனி. பொண்ணு மாப்புள கூடப் பரவால்ல. நாத்தனாரு மொகம் ரசத்துல ஊறுன அப்பளம்.

மங்கல் படத்தத் தெளிவாக்குற சாப்ட்வேர் ஒண்ணு வச்சிருந்தான். அதுல ஒரு கோட்ட மவுசால இழுக்கணும். கொஞ்சமா இழுத்தா இருக்குறதத் தெளிவாக்கும். ரொம்ப இழுத்தா, இல்லாதத அதுவா வரைஞ்சிக்கும். இது அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் கோடு முடியிற வரைக்கும் இழுத்தான்.

மொகம் வந்துச்சி. பங்கஜவல்லி மொகந்தான் வரல. தேங்காப்பால் நெறத்துல, வாயி கொள்ளாத பல்லோட யாரோ ஒரு சினிமாக்காரி ஒக்காந்து முடிச்சு போடுறா! ரெண்டு பக்கமும் போட்டிருந்த மூக்குத்தியத் தூசின்னு நெனச்சித் தொடச்சிட்டுது அந்த சாப்ட்வேர். "எவன் உத்துப் பாக்கப் போறான்"னு ஆல்பத்துல ரெண்டு பக்கத்துக்குப் பெருசா ஏத்திட்டான் படுபாவி.

ஆல்பம் போன மறுநாளு போன் அடிச்சிச்சி.

"தம்பி, நான் பங்கஜவல்லி பேசுறேன். முடிச்சு போடுறவ யாருப்பா?"

"நீங்கதான்க்கா."

"என் மூக்குத்தி எங்க? என் கருப்பு எங்க? யாரு சொல்லி மாத்துன?"

'நான் ஒழுங்காப் புடிக்கலக்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதோட போச்சி. ஊரளக்குற வாயாச்சே, அது வேற சொல்லிச்சி. "பொண்ணு வீட்டுலதான்க்கா... கொஞ்சம் பளிச்சுன்னு போடச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் பங்கஜவல்லி டக்குன்னு போன வச்சிட்டா.

மறுநாளு காலையில ஜெயபிரகாஷ் ஸ்டூடியோவுக்கு வந்தான். சட்டையப் புடிச்சி நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூட நவநீதன் தாங்கியிருப்பான். அவன் மரியாதையால்ல பேசுறான்!

"அண்ணே, அக்கா வீட்டுக்குப் போனேன். கதவத் தொறக்கல. கருப்பா இருக்கேன்னு என் மூஞ்சிய வெட்டிட்டு வேற எவளையோ ஒட்டிட்டீங்கன்னு உள்ளேருந்து சொல்லுது. எம் பொண்டாட்டி கீர்த்திகா நேத்துலேருந்து சோறு திங்கல. அவங்க வீட்டுல யாருண்ணே அப்புடிச் சொன்னது? பேர மட்டும் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

கல்யாணமாயி மஞ்சக் கயிறு கூட வெளுக்கல, அந்தப் பொண்ணு தலையில இவன் தூக்கி வச்ச பழி. நவநீதனுக்குக் காது ரெண்டும் அடுப்புல வச்ச தோசக்கல்லு மாதிரி கொதிச்சிச்சி.

"யாரும் சொல்லல தம்பி. நாந்தான்... வா, அக்காகிட்டப் போவோம்."

சனிக்கெழம. திருநள்ளாத்துல மனுசன் தலமேல மனுசன். பங்கஜவல்லி கடை முன்னாடி எள்ளு வாங்க ஒரு கூட்டமே நிக்கிது. தம்பியப் பாத்ததும் அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நவநீதன் கூட்டத்துக்கு நடுவுல பூந்தான்.

"அக்கா, பொண்ணு வீட்டுல ஒண்ணும் சொல்லலக்கா. படம் மங்கிப்போச்சி. மெசினுல போட்டேன், அது வேற மூஞ்சி போட்டுட்டுது. போன்ல நான் சொன்னது பொய்."

"ஏன் மங்குச்சி? ஒனக்குத்தான் கண்ணு கழுகுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவியே!"

"செல்லு பாத்துக்கிட்டிருந்தேங்க்கா."

எள்ளு வாங்க வந்த ஒரு கெழவரு, "சனி எங்கெல்லாம் ஒக்காருது பாரு"ன்னாரு. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிது. எவ்வளவோ பேர சிரிக்க வச்ச பய, அன்னைக்கு எள்ளுப் பொட்டலத்துக்குள்ள எடம் கெடச்சாப் போயி ஒளிஞ்சிருப்பான்.

செல்ல எடுத்து, மெசினு தொடாத படத்தக் காட்டுனான். பங்கஜவல்லி எண்ணெக் கையச் சீலையில தொடச்சிட்டு வாங்கிப் பாத்தா. வெறும் பனிதான். பனிக்குள்ள ஒரு கருப்பு, கருப்புல ரெண்டு சின்ன மினுக்கு.

"இது நான்" அப்புடின்னா. "இதயே போட்டுக் குடு. தீட்டுறேன் பூசுறேன்னு எதையும் தொடாத." தம்பிப் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சாடா? போன் போட்டுக் குடு, நான் பேசுறேன்" அப்புடின்னா.

ஜெயபிரகாஷ் போனக் காதுல வச்சிக்கிட்டு ஓரமா நவுந்தான். அவ செல்லத் திருப்பிக் குடுக்காம இன்னும் அந்தப் பனியவே பாத்துக்கிட்டிருந்தா.

"ரெண்டாவது முடிச்சு போடுறப்ப எனக்கு அழுவ வந்துட்டுது. இதுல ஒண்ணும் தெரியல. நீ எதுருலதான நின்ன, பாத்தியா தம்பி?"

பாத்தேன்னு ஒரு வார்த்த வாயி வரைக்கும் வந்துச்சி. அத முழுங்குனான்.

"இல்லக்கா. பாக்கல."

அவ செல்ல அவன் கையில குடுத்துட்டு, அடுத்த ஆளுக்கு எள்ளு மடிக்க ஆரம்பிச்சா.