விதைக்கு விட்ட கத்தரிக்காய்

இன்று விடிந்ததும் முதல் வேலையாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கத்தரிக்கு ஊற்றப் போனேன்.

விதைக்கென்று துணி கட்டி விட்டிருந்த காயைக் காணவில்லை. துணி மட்டும் நிலத்தில் கிடந்தது. துணி கட்டிய காயை எங்கள் ஊர் கோப்பாயில் யாரும் தொடமாட்டார்கள். வெயிலில் செடிகள் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. அந்த இனத்துக்கு என்னிடம் வேறு விதை இல்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு மனோன்மணியக்கா வேலியின் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஒரு கோப்பையை நீட்டினார்.

"கத்தரிக்காய்ப் பால்கறி, ரீச்சர். சாப்பிட்டுப் பாருங்கோ."

கடித்தால் பல்லுக்கிடையில் முற்றிய விதை.

"காய் எங்காலை, அக்கா?"

"சந்தையிலைதான். ஏன், உங்கடை காயெண்டு நினைச்சியளோ?" என்று சிரித்தார். பிறகு, "எனக்கும் உங்கடை கத்தரியிலை கொஞ்ச விதை தாங்கோ. உந்த ருசி சந்தைக் காயிலை வராது" என்றார்.

"ஓம், தாறன்" என்றேன். நானும் சிரித்தேன்.

வேலியோரம் சுண்டங்கத்தரி பழுத்திருக்கிறது. வாயில் வைக்க முடியாத கசப்பு. விதையும் கன்றும் பார்வைக்குக் கத்தரியைப் போலத்தான் இருக்கும். அந்த விதையைத்தான் கத்தரி விதையைப் போலச் சாம்பலில் பிரட்டி அவருக்குக் கொடுக்கப் போகிறேன். வீட்டில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

அக்கா பாவம் என்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். பொட்டலம் நாளை காலை போய்விடும்.